எவரெஸ்ட் மாரத்தான்: ஓடப் போகிறவர்களுக்கும் வேலை செய்யப் போகிறவர்களுக்கும்

டென்சிங் ஹிலாரி எவரெஸ்ட் மாரத்தானுக்குப் பணம் கட்டினால் ஓட்டம் ஒரு நாள், நடை இரண்டு வாரம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பந்தயத்தை எடைபோட வேண்டும். பெர்லினையோ மும்பையையோ மதிப்பிடுவதுபோல டி-ஷர்ட், பதக்கம், தண்ணீர்ப் பந்தல் என்று பார்த்தால் இங்கே எதுவும் பிடிபடாது.

1953 மே 29-ல் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் உச்சியைத் தொட்டார்கள். அதன் 50-வது ஆண்டான 2003-ல் இந்த ஓட்டம் தொடங்கியது. அதே மே 29-ல்தான் நடக்கிறது. வார இறுதி பார்த்து மாற்றுவதில்லை. தொடக்கம் 5,364 மீட்டர் உயரத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம், முடிவு 3,440 மீட்டரில் நாம்சே பஜார். முழு மாரத்தானோடு அரை மாரத்தானும், முழு மாரத்தானைவிட நீண்ட ஓட்டமும் உண்டு. பிரிட்டன்காரர்கள் 1987-ல் தொடங்கிய ‘எவரெஸ்ட் மாரத்தான்’ வேறு. பெயரை மட்டும் பார்த்துத் தேடினால் இரண்டின் விவரங்களும் கலந்து வரும். பதிவு செய்யும் முன் மே 29 என்ற தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் நடை, தங்குமிடம், கூடாரம், ஓட்டம் எல்லாம் சேர்ந்த பேக்கேஜாகத்தான் வாங்குகிறார்கள். ஓட மட்டுமல்ல, நடத்தக் கைகொடுக்கவும் ஆட்கள் வருகிறார்கள்: மருத்துவர்கள், செவிலியர்கள், நேரம் குறிப்பவர்கள், ரேடியோ பிடிப்பவர்கள், கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் நடந்து வருபவர்கள். இந்த இரு வகையினருக்கும் சேர்த்துத்தான் இந்த மதிப்பீடு. இரண்டாவது வகையினருக்கு எழுத நிறைய இருக்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு யாரும் எழுதுவதில்லை.

முதலில் பாதை.

அடிவார முகாமிலிருந்து கோரக்ஷேப் வரை சுமார் 3.5 கி.மீ. இதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. கும்பு பனியாற்றின் மேல் கிடக்கும் கற்குவியல்; கல்லுக்கு அடியில் பனிக்கட்டி. காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும்போது அந்தப் பனிக்கட்டி இறுகி வழுக்கும். முதல் நாள் பனி பெய்திருந்தால் எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று கண்ணுக்குத் தெரியாது. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். கூட்டத்தோடு பாய்ந்து ஓடி இங்கே சேமிக்கும் ஐந்து நிமிடத்தால் ஒரு பயனும் இல்லை.

கோரக்ஷேப்பிலிருந்து லொபுச்சே சுமார் 4.5 கி.மீ. ஏறி இறங்கும் மொரெய்ன் மேடுகள், அதாவது பனியாறு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும். அதன்பின் துக்லா கணவாய், மலையில் இறந்தவர்களுக்கான நினைவுக் கற்கள் நிற்கும் இடம். அங்கிருந்து துக்லாவுக்கு 200 மீட்டர் செங்குத்தாக இறக்கம். ‘இறங்குமுகம்தானே’ என்று வருகிறவர்களின் தொடைத்தசை முதலில் புலம்புவது இங்கே. பிறகு திங்போச்சே. அங்கே நேராக ஊருக்குள் இறக்கிவிடாமல் பிப்ரே பக்கம் மேலே அனுப்பித் திரும்ப வைக்கிறார்கள். தூரத்தை நிரப்புவதற்கான வளையம் அது. ஏற்கெனவே ஒருமுறை கடந்த ஊரை விட்டு மறுபடி மேல்நோக்கிப் போவதால், மனசு உடைந்து நிறுத்துகிறவர்கள் இங்கே அதிகம். பாங்போச்சேயைத் தாண்டி தெங்போச்சேக்கு ஓர் ஏற்றம். தெங்போச்சேயிலிருந்து ஆற்றங்கரையில் உள்ள புங்கி தெங்காவுக்கு 600 மீட்டர் இறக்கம். அதே வேகத்தில் சனாசாவுக்கு மறு ஏற்றம். முப்பது கி.மீ.க்குப் பிறகு வரும் இந்த ஏற்றம்தான் பந்தயத்தைத் தீர்மானிக்கிறது. முன்னணி நேபாள ஓட்டக்காரர்கள் இந்த முழுப் பாதையையும் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் முடிக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து வரும், நல்ல பயிற்சியுள்ள ஒருவருக்கு எட்டு மணி நேரம் என்பது கௌரவமான நேரம். பத்து, பன்னிரண்டு ஆவது சகஜம். அதனால் தலையில் மாட்டும் டார்ச் இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது. கும்பு என்ற இந்த எவரெஸ்ட் பகுதியில் அந்தப் பருவத்தில் மாலை ஏழு மணிக்கே இருட்டிவிடும்.

பயிற்சி விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்லலாம். சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு உயரத்துக்குப் பழக வழி கிடையாது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். விமானம் இறங்கும் லுக்லா அதைவிட 200 மீட்டர் மேலே இருக்கிறது. ஆனால் இறங்கிப் பழக முடியும். பர்வதமலை, வெள்ளியங்கிரி, சதுரகிரி. இலங்கையில் இருப்பவர்களுக்குச் சிவனொளிபாதமலைப் படிகள். ஏறும்போது நடந்து, இறங்கும்போது சீரான வேகத்தில் ஓடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம். சமதளத்தில் கூடுதலாக ஓடும் 50 கி.மீ.யைவிட இது உதவும்.

இனி நடைக்கு வருவோம். பேக்கேஜின் தரத்தை அளக்கும் அளவுகோல், எங்கே எத்தனை இரவு தூங்க வைக்கிறார்கள் என்பதுதான். 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. நாம்சே (3,440) இரண்டு இரவு, தெங்போச்சே (3,860), திங்போச்சே (4,410) இரண்டு இரவு, லொபுச்சே (4,900-க்குச் சற்று மேல்), கோரக்ஷேப் (5,160), அடிவார முகாம் என்று போனால் விதி ஏறக்குறைய காக்கப்படுகிறது. முகாமில் ஓட்டத்துக்கு முன் இரண்டு இரவு கூடாரத்தில் தங்க வைப்பது நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது. ஆனால் லொபுச்சேயிலிருந்து அதிகாலை ஏறி வந்து உடனே ஓடுவதைவிட இது மேல். திங்போச்சேயில் ஓய்வு நாளை வெட்டி மொத்தம் இரண்டு மூன்று நாள் மிச்சப்படுத்தித் தரும் மலிவு ஏற்பாடு எதுவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

டயமாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அசெட்டசோலமைடு, உயரத்தால் வரும் மலைநோயைத் தடுக்க 125 மி.கி. காலை மாலை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து என்பது வழக்கமான அளவு. சல்பா வகை மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இந்த மாத்திரை போட்டால் விரல் நுனி மரத்தது போலிருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தலைவலி, வயிற்றுக் குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு என்ற நான்கையும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு, தலைவலியோடு சேர்ந்து கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மலைநோய் என்று கொள்ள வேண்டும். அன்று மேலே ஏறக் கூடாது. குதிகாலும் விரலும் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்க முடியவில்லை என்றால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரல். இரண்டுக்கும் வைத்தியம் இறங்குவது. டெக்ஸாமெத்தசோன் மருந்தும் ஆக்ஸிஜனும் அழுத்தப் பையும் (நோயாளியை உள்ளே படுக்க வைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டும் பை) இறங்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான். பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவமனை 1973 முதல் இருக்கிறது. நடைப் பருவத்தில் அங்கே பிற்பகலில் மலைநோய் பற்றி விளக்கம் சொல்வார்கள். உங்கள் குழுவை அங்கே அழைத்துப் போகச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும் விட மேலானது.

ஓட்டத்தன்று காலை ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் வேண்டாம். நீர் குறைந்த உடம்பில், நீண்ட ஓட்டத்தில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

சாப்பாட்டில் நம்மூர்க்காரர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. பருப்பும் சோறும் எங்கும் கிடைக்கும், இரண்டாம் முறை கேட்டால் போடுவார்கள். நாம்சேக்கு மேலே கறி வேண்டாம். அந்தப் பகுதியில் விலங்குகளை வெட்டுவதில்லை. கறி கீழிருந்து பல நாள் சுமந்து வருவது. வயிறு கெட்டு ஓட்டத்தை இழப்பவர்களில் பலர் இதைத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் தேதியில் இருக்கிறது. மே கடைசி என்பது பருவமழைக்கு முந்தைய வாசல். மலையேறும் குழுக்கள் முகாமைக் காலி செய்துகொண்டிருக்கும். பனியாறு உருகி, கூடாரத்துக்கு அடியில் தரை சரியும். இரவில் வெடிப்புச் சத்தம் கேட்கும். லுக்லாவில் மேகம் சூழ்ந்தால் விமானம் வராது. அந்த ஓடுபாதை 527 மீட்டர் நீளம், சாய்வு 11 சதவீதத்துக்கு மேல். கண்ணால் பார்த்து இறக்க வேண்டிய இடம், அதனால் பார்வை தெளிவில்லாவிட்டால் விமானியைக் குறை சொல்லிப் பயனில்லை. நெரிசல் பருவத்தில் காட்மாண்டுவிலிருந்து நேரடி விமானம் பெரும்பாலும் கிடையாது. சுமார் 130 கி.மீ. தள்ளியிருக்கும் ராமேசாப் மந்தலிக்கு நள்ளிரவு ஒன்று, இரண்டு மணிக்குக் கிளம்பி, நாலைந்து மணி நேரம் வேனில் வளைந்து போய், அங்கிருந்து இருபது நிமிடம் பறக்க வேண்டும். வாந்தி வருபவர்கள் மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள். சாமான் 15 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், கைப்பையும் அதில் அடக்கம். ஓடும் காலணியைக் காலில் போட்டுக்கொண்டே பறங்கள்; பை தாமதமானாலும் காலணி உங்களோடு வரும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை இவை. ராமேசாப் வேன் செலவு யாருடையது? விமானம் ரத்தானால் கூடுதல் இரவுகளுக்கு யார் தருவார்கள்? முகாமில் ஆக்ஸிஜன் உருளை எத்தனை, அழுத்தப் பை உண்டா, மருத்துவர் ஓட்டத்தன்று எந்த இடத்தில் நிற்பார்? சுமை தூக்குகிறவர்களுக்குக் காப்பீடு இருக்கிறதா, ஒருவர் எத்தனை கிலோ தூக்குகிறார்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத ஏற்பாட்டாளர் மற்றவற்றிலும் அப்படித்தான் இருப்பார். உங்கள் பங்குக்கு உங்கள் பையைப் பத்து பன்னிரண்டு கிலோவுக்குள் வையுங்கள். ஒரே ஆள் முதுகில் இரண்டு பை போகிறது.

காப்பீட்டில் இரண்டு வரியைப் படியுங்கள்: உயர வரம்பு, பந்தயம். இந்தியாவில் விற்கும் பல பயணக் காப்பீடுகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதையும் போட்டி விளையாட்டுகளையும் விலக்குகின்றன. 6,000 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உட்பட, ஓட்டப் பந்தயம் என்ற சொல்லோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உதவிக்குப் போகிறவர் என்றால் ‘தன்னார்வப் பணி’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம்; விமானத்தில் போக பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதார் அட்டையை நம்பிப் போகாதீர்கள். 15 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே அது செல்லும். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் காட்மாண்டுவில் இறங்கியே விசா எடுக்கலாம்: 30 நாளுக்கு 50 டாலர். சுற்றுலா விசா வேலைக்கானது அல்ல. சம்பளமில்லாத பணிக்கும் அது தானாகப் பொருந்தாது. ஆகவே உதவிக்கு வருகிற வெளிநாட்டவர் ஏற்பாட்டாளரிடம் எழுத்துமூலம் கேட்டு, அவர்கள் எந்த அனுமதியில் அழைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். எவரெஸ்ட் பகுதி அடங்கிய சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியா, இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,500. மேலே 13 சதவீத வரி. ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் நிலையானது.

டெல்லி வழியாகப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் கையோடு வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். அவசரப் பொத்தான் கொண்ட சிறிய கருவியும் இதில் சேரும். விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். தேவையென்றால் காட்மாண்டுவில் ஏற்பாட்டாளர் மூலம் வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

இனி, வேலை செய்யப் போகிறவர்களுக்கு.

ஹெலிகாப்டரில் முதல் நாள் வந்து இறங்கி உதவுகிறேன் என்பவரால் உதவி கிடையாது. அவரே மறுநாள் நோயாளி. ஓட்டக்காரரோடு சேர்ந்து அதே நடையை நடந்து, அதே இரவுகளைத் தூங்கி ஏற வேண்டும். இன்னொன்று, ஓடுகிறவருக்கு உடம்பு சூடாகும். 4,900 மீட்டரில் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கு ஆகாது. ஓட்டக்காரரின் உடைப் பட்டியலைப் பார்த்துப் பை கட்டினால் விறைத்துப்போவீர்கள். தடித்த இறகு ஜாக்கெட், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, விரல் தனித்தனியாக இருக்கும் மெல்லிய கையுறைக்கு மேல் பெரிய கையுறை, இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகக் காலடியில் போட ஒரு நுரைப் பாய்த் துண்டு. குளிர் கல்லிலிருந்துதான் ஏறுகிறது.

இந்தப் பந்தயத்தில் உயிர் காக்கும் கருவிகளில் முதலிடம் சோதனைச் சாவடியில் இருக்கும் எண் தாளுக்குத்தான். முகாமில் எத்தனை பேர் கிளம்பினார்கள், கோரக்ஷேப்பைத் தாண்டியவர்கள் எத்தனை, லொபுச்சேயில் எத்தனை, நின்றவர்கள் எத்தனை. ஒவ்வொரு சாவடியிலும் ‘தாண்டியவர் + நின்றவர்’ முந்தைய சாவடியின் கணக்கோடு பொருந்த வேண்டும். ஒரு எண் குறைந்தால் ஒரு மனிதர் எங்கோ கல்லிடுக்கில் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். மேகம் இறங்கிவிட்டால் அவரை அந்தத் தாள் மட்டும்தான் தேடும்.

அந்தத் தாளை எழுதுவது எளிது போலத் தோன்றும். பிழைகள் எல்லாம் இங்கேதான் நுழைகின்றன.

பால்பாயிண்ட் பேனா குளிரில் எழுதாது. பென்சில், மூன்று, சீவியபடி. தாள் நனையாத வகை, அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பிரதி. ஒருவர் பார்த்து எண்ணை உரக்கச் சொல்ல, இன்னொருவர் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். ஒரே ஆள் நிமிர்ந்து பார்த்துக் குனிந்து எழுதினால் மூன்று பேர் சேர்ந்து வரும்போது ஒருவர் விடுபடுவார். காலைக் குளிரில் எல்லோரும் ஜாக்கெட்டை மார்பு வரை இழுத்திருப்பார்கள், எண் உள்ளே மறைந்திருக்கும். முகாமில் எண் வழங்கும்போதே தொடையில் குத்தச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

அடுத்தது கைக்கடிகாரம். நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால். சிக்னல் இல்லாத இடத்தில் நம்மவர் கைப்பேசி இந்திய நேரத்திலேயே நின்றிருக்கும். அரை மணி வித்தியாசம் என்றால் கண்ணில் படும். 15 நிமிடம் படாது. ஒரு சாவடியில் மட்டும் எல்லோரும் 15 நிமிடம் வேகமாக ஓடியதுபோலப் பதிவாகி, அடுத்ததில் மெதுவாக வந்ததுபோல ஆகும். முந்தைய மாலை எல்லாச் சாவடிக்காரர்களும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நொடி வரை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும்.

எண்களிலேயே ஒரு பொறி இருக்கிறது. உள்ளூர் நண்பர்கள் பழக்கத்தில் தேவநாகரி எண்ணில் எழுதிவிடுவார்கள். தேவநாகரி 1 பார்வைக்கு நம் 9 போலவே இருக்கும். 114 போன்ற எண்ணில் நேரும் குழப்பத்தை நாம்சேயில் உட்கார்ந்து யாரும் அவிழ்க்க முடியாது. முந்தைய மாலை சாவடிக்காரர்கள் கூடும்போது முதல் ஐந்து நிமிடத்திலேயே, எல்லோரும் 1, 2, 3 என்றே எழுதுவது என்று பேசி முடிவு செய்யுங்கள். அதேபோல நீங்களும் நேபாளி எண்களைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: எக், துயி, தீன், சார், பாஞ்ச். ஓட்டக்காரர் மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுவார்.

ரேடியோ நேர்கோட்டுப் பார்வையில்தான் பேசும். துக்லாவில் பள்ளத்தாக்கு திரும்புகிறது. கணவாயின் மேல் ஒருவர் நின்று இரு பக்கமும் செய்தியைக் கடத்தினால்தான் லொபுச்சேயும் திங்போச்சேயும் ஒன்றையொன்று கேட்கும். பேட்டரியை இரவு தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் சட்டைக்குள். மின்னணு நேரப் பதிவு இருந்தாலும் கைத்தாள் நிற்கக் கூடாது. குளிரில் முதலில் கைவிடுவது பேட்டரிதான்.

தண்ணீர்ச் சாவடியில் ஒரு ஆளுக்கு 200 மி.லி. வீதம் இரண்டு குவளை, 200 பேர் என்றால் 80 லிட்டர். லொபுச்சே உயரத்தில் தண்ணீர் 85 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும், ஆனால் டீ இறங்க நேரமாகும். அதனால் டீத்தூளை முதலிலேயே போட்டுக் கொதிக்க விடுங்கள். முந்தைய இரவே கேனில் நிரப்பி வைத்தால் காலையில் வாய்ப்பகுதி உறைந்திருக்கும். கேனைக் கவிழ்த்து வைத்தால் மூடிப் பக்கம் உறையாது. லொபுச்சேயில் நிற்பவர்கள் விடிவதற்கு வெகுமுன்பே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். முதல் ஓட்டக்காரர் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவார். சர்க்கரை போட்ட கறுப்பு டீ, உப்புப் போட்ட சூப், பிஸ்கட். குளிர்ந்த பானங்களை யாரும் கேட்பதில்லை. கும்புவில் பிளாஸ்டிக் பாட்டில்களும் ஒருமுறைப் பிளாஸ்டிக்கும் 2020 முதல் தடை. காகிதக் குவளையும் காற்றில் பறந்து பனியாற்றில் போய்ச் சேரும். ஓட்டக்காரரே மடக்கும் குவளை கொண்டுவர வேண்டும் என்று அறிவித்து, நீங்கள் ஊற்ற மட்டும் செய்யுங்கள்.

பாதையில் மூட்டை சுமக்கும் யாக், ஜொப்கியோ (யாக்-மாடு கலப்பு) வரிசை வந்தால் ஓட்டக்காரர்களை மலைச் சரிவுப் பக்கம் ஒதுக்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் வேண்டாம். மூட்டை இடித்தால் விழுவது கீழே. தொங்குபாலத்தில் விலங்கு ஏறிவிட்டது என்றால் அது இறங்கும்வரை எவ்வளவு வேகமான ஓட்டக்காரரும் காத்திருக்கத்தான் வேண்டும். அங்கே நிற்பவர் காத்திருந்த நேரத்தைத் தாளில் குறித்துவிட்டால் பிறகு சண்டை வராது.

ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் விரல் கருவியை நம்பி மட்டும் யாரையும் நிறுத்தவோ அனுப்பவோ கூடாது. கை சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அது தவறாகக் காட்டும். முகாமில் 80 என்பது பலருக்கு இயல்பு. கையைச் சூடாக்கி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள், பிறகு நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள், பெயரும் ஊரும் கேளுங்கள். பேச்சு குழறினால் எண் எதுவானாலும் இறக்குங்கள்.

கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வருகிறவர் வேலை மிக நீளமானது, மிக மதிப்புள்ளதும் அதுவே. இரண்டு பேராக இருக்க வேண்டும், ஒருவர் உள்ளூர்க்காரர். கையில் முந்தைய சாவடி மூடிய தாளின் பிரதி, ஒரு சூடான குடுவை, கூடுதல் டார்ச், இறகு ஜாக்கெட் ஒன்று. ஒவ்வொரு சாவடியும் இவர்கள் வந்து எண்ணிக்கை ஒத்துக்கொண்ட பிறகுதான் கலைய வேண்டும். ‘எல்லோரும் போயாச்சு போல’ என்று சாவடிக்காரர்கள் முன்கூட்டி அடுப்பை அணைப்பதுதான் பல மலைப் பந்தயங்களில் நடக்கும் மோசமான தவறு. நின்றுவிட்ட ஓட்டக்காரர் தன் எண்ணைக் கொடுக்காமல் ஏதாவது விடுதிக்குள் போய்ப் படுத்துக்கொள்வதும் உண்டு. அதனால் பின்னால் வருகிறவர்கள் வழியிலுள்ள ஒவ்வொரு விடுதியிலும் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்க்கும்போது வீட்டு அக்காவை ‘திதி’ என்றழைத்துக் கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் அந்த ஊரில் யாரும் படுத்திருக்க முடியாது.

ஓட மட்டும் என்றால், ஏற்கெனவே நான்கைந்து மாரத்தானும் 4,000 மீட்டருக்கு மேல் ஒரு நடையாவது முடித்தவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். முதல் மாரத்தானாக வேண்டவே வேண்டாம். உதவிக்குப் போக நினைப்பவருக்கு வேகம் தேவையில்லை. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, ஒரு எண்ணையும் விடாமல் எழுதும் பொறுமை தேவை. மருத்துவம் தெரிந்தவர்கள், ரேடியோ தெரிந்தவர்கள் இருந்தால் இரு கைநீட்டி வரவேற்பார்கள்.

நாம்சேயிலிருந்து லுக்லாவுக்கு ஒரு முழுநாள் நடை, தொடை வலியோடு. அதன்பின் மேகத்தின் தயவு. காட்மாண்டுவிலிருந்து ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை ஜூன் 4-க்கு முன்னால் போடாதீர்கள்.